தென்னாப்பிரிக்கப் பயணம் முடிகிறது: ஊர்ப்பெயர் தேடுபவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

அடுத்த வாரம் டர்பனிலிருந்து கிளம்புகிறேன். ஊருக்குப் போய்விட்டால் வீட்டு வேலை இழுத்துக்கொள்ளும், அப்புறம் எழுதுவது நடக்காது, அதனால் இங்கிருந்தே எழுதிவிடுகிறேன். மகள் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறாள், அவளோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று வந்தவள் நான். வந்த இடத்தில் பயணம் நீண்டு, பாதிக்கு மேல் டர்பனிலேயே கழிந்தது.

கேப் டவுன், மேசை மலை, க்ரூகர் காடு எல்லாம் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன, அவற்றைப் பற்றி எழுத இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மனதில் தங்கியவை வேறு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம், 1893 ஜூன் 7 இரவு காந்தியை இறக்கிவிட்ட இடம். ஜோஹன்னஸ்பர்க் பிராம்ஃபான்டீன் கல்லறையில் தில்லையாடி வள்ளியம்மை. சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு அந்தப் பெயர் இருப்பதால் நமக்கெல்லாம் பெயர் தெரியும், ஆனால் அந்தப் பெண் பிறந்ததே ஜோஹன்னஸ்பர்க்கில்தான். தில்லையாடி அவளுடைய அம்மாவின் ஊர். காந்தியின் போராட்டத்தில் சேர்ந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனவள், அங்கிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள், வயது 16. தோட்டக் கூலிகளாக வந்து ஒப்பந்தக் காலம் முடிந்தவர்கள் மேல் போட்ட 3 பவுன் வரி அதே வருஷம்தான் ரத்தானது. அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றபோது தோன்றியது, இவளுக்கு ஊர்ப்பெயராவது ஒட்டிக்கொண்டு இருக்கிறது, மற்றவர்களுக்கு அதுவும் இல்லையே என்று.

இந்த இழையை அதற்காகத்தான் ஆரம்பிக்கிறேன்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர். பெரும்பாலோர் மதராஸ் வழியாக வந்தவர்கள், கரும்புத் தோட்டத்துக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (ஜில்லாவுக்குள் ஒரு பிரிவு), ஊர், உயரம், உடம்பில் இருக்கும் தழும்பு வரைக்கும் பதிவேட்டில் எழுதினார்கள். அந்தப் பதிவேடுகள் இருக்கின்றன. கப்பல் பட்டியல்களை இணையத்திலும் தேடலாம். இங்கே நான் பழகிய குடும்பங்களில் பலர் அந்த ஒரு வரியைப் படியெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் எழுதியிருக்கும் ஊர் எது என்று பலருக்குத் தெரியவில்லை. எழுதின குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் தோராயமாக எழுதிவைத்தான், அதை நாலு தலைமுறையாக இவர்கள் வேறு வேறு விதமாக வாசிக்கிறார்கள்.

நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஜமாபந்தி நாளெல்லாம் கிராமக் கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண். டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் நான் தங்கியிருந்த வீட்டில் அந்தச் சட்டத்தைக் காட்டினார்கள். ஊர் கட்டத்தில் 'கட்டலூடி' என்று வாசிக்கும்படி ஒரு எழுத்துக்கூட்டல். அது கடலூர்தான் என்று அவர்கள் தாத்தா காலத்திலிருந்தே நம்பிக்கை, அந்த வீட்டுப் பையன் ஒருத்தன் கடலூர் வரை வந்து கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டுகூடப் போயிருக்கிறான். நான் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். ஜில்லா வட ஆற்காடு, தாணா போளூர். கடலூர் தென் ஆற்காடு ஆயிற்றே, போளூரோடு எப்படிச் சேரும்? போளூர் பக்கம் பர்வதமலை அடிவாரத்தில் கடலாடி என்று ஒரு ஊர் இருக்கிறது. அன்றைக்கு அது போளூர் வட்டம், இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம், கலசபாக்கம் வட்டம். செல்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். அந்த வீட்டுப் பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து மலையின் பெயரை மறுபடி மறுபடி கேட்டார். பேரப்பிள்ளைகளை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுச் சொல்லவைத்தார், யாருக்கும் 'ழ', 'ள' பிரச்சினை இல்லாத பெயர் என்பதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

விஷயம் அடுத்தடுத்த வீடுகளுக்குப் பரவி, நான் கிளம்பும் வரை சாயங்காலமெல்லாம் இதே வேலைதான். பயணத்தில் எதையாவது திரும்பச் செய்யச் சொன்னால் இதைத்தான் செய்வேன்.

நம் ஆட்கள் இங்கே வந்தால் முதலில் கேட்பது "தமிழ் பேசுவீங்களா?" என்பது. இல்லை என்றதும் முகம் மாறிவிடுகிறது. அவர்கள் ஆடி மாதத்தில் இந்த ஊர்க் குளிரில் விடியற்காலை எழுந்து, மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துப் பெரிய பானையில் கூழ் காய்ச்சி, வேப்பிலைக்குப் பதில் சிரிங்கா மரத்து இலையை வைத்து மாரியம்மனுக்கு ஊற்றுகிறார்கள். புரட்டாசி முழுக்க மாமிசம் தொடாத வீடுகள் எத்தனையோ. அவர்களிடம் போய்ப் பரீட்சை வைக்க நாம் யார்? நமக்குத் தெரிந்தது ஒன்று இருக்கிறது, நம் ஊர்களின் பெயர். அதைக் கொடுக்கலாம். வருகிறவர்கள் இந்த வேலைக்கு ஒரு வாரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஜோபர்க்காரன்:

அம்மா, வணக்கம். எட்டு வருஷமா இங்கே இருக்கேன், டர்பனுக்குக் கடல் பார்க்கவும் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) சாப்பிடவும்தான் போயிருக்கேன். ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர் கோவிந்தர். அவரும் ஒரு முறை ஏதோ எண் சொல்லி இதுதான் எங்க கொள்ளுத்தாத்தா என்றார், நான் அப்போது கவனிக்கவில்லை. திங்கட்கிழமை கேட்கிறேன். அந்த எண் தெரியாதவர்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது?

வைகைக்கரை:

தம்பி, பழைய பிறப்பு, கல்யாண, இறப்புச் சான்றிதழ்களைத் தேடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பிள்ளைகளுக்குக்கூட அப்பா அம்மாவின் எண்ணைச் சான்றிதழில் எழுதியிருப்பார்கள். எண் கிடைத்துவிட்டால் கப்பலும் ஊரும் பின்னாலேயே வந்துவிடும். எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முனுசாமி, வீராசாமி, மாரியாயி என்று நூற்றுக்கணக்கில் வந்து நிற்பார்கள்.

நெற்குன்றம்:

பதிவு நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஊர்ப்பெயரைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த பெயர் சரியான பெயராக மாறும், அவ்வளவுதானே. மொழி போய்விட்டால் மிச்சம் எல்லாம் சடங்குதான், அதுவும் அர்த்தம் தெரியாத சடங்கு. தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்திலேயே வளர்க்கப்பட வேண்டிய, மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழும் பெயரோடு இருக்கிறது. அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்காமல் இருந்தால் அதைச் சுட்டிக்காட்டுவது பரீட்சை ஆகாது. ஒரு வாரம் ஒதுக்குவதாக இருந்தால் வகுப்பு எடுக்கப் போகலாம்.

சாட்ஸ்வொர்த் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே பிறந்தவள், என் தமிழில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன்.

நெற்குன்றம் ஐயா சொல்வதில் பாதி சரி. மொழி வேண்டும். அதற்காகத்தான் நான் வகுப்பு எடுக்கிறேன். ஆனால் எப்படிப் போனது என்று சொல்லட்டுமா. என் பாட்டி டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் குடியிருந்தவர். சுற்றிலும் தமிழ் பேசும் வீடுகள், தெருவில் தமிழ், தோட்டத்தில் தமிழ். இனவாரிக் குடியிருப்புச் சட்டம் 1950இல் வந்தது, பின்னால் அந்த இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள், 1964இலிருந்து சாட்ஸ்வொர்த்தில் வீடு கொடுத்தார்கள். ஒரே தெருவில் இருந்த ஆறு வீடு ஆறு பிரிவுக்குப் போய்விட்டது. பாட்டி பேச ஆள் இல்லாமல் போனது. அம்மாவுக்கு வேலை கிடைக்க ஆங்கிலம் வேண்டும். அப்படித்தான் ஐயா போனது. யாரும் வேண்டாம் என்று தூக்கிப் போடவில்லை.

வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அ ஆ எழுதச் சொன்னால் மூன்று வாரம் வருவார்கள், அப்புறம் கிரிக்கெட் இருக்கிறது என்பார்கள். அக்கா வந்து ஊர்ப்பெயர் பார்த்துக்கொடுத்த பிறகு, கடலாடி என்று தமிழில் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று அந்த வீட்டுப் பெண் தானாக வந்து கேட்டாள். இப்போது அவள் தன் பெயர், அப்பா பெயர், கப்பல் பெயர் எல்லாம் எழுதுகிறாள். எனக்கு இது போதும். அதனால் வகுப்பா, ஊர்ப்பெயரா என்று சண்டை வேண்டாம், எனக்கு இரண்டும் வேண்டும்.

இன்னொன்று, இது கொஞ்சம் சங்கடமான கேள்வி. பதிவேட்டில் சாதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு இது என்ன என்று கேட்கிறார்கள். இங்கே நாயுடு, பிள்ளை, முதலி, படையாச்சி எல்லாம் வெறும் குடும்பப் பெயர், கல்யாணத்துக்கு இப்போது யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. நான் என்ன பதில் சொல்வது?

ஜவ்வாது மலை:

நான் போளூர்ப் பக்கத்து ஆள். கடலாடி எனக்கு நன்றாகத் தெரியும், பர்வதமலை ஏறுகிறவர்கள் அந்த வழியாகவும் போவார்கள். வைகைக்கரை அக்கா சொன்ன கணக்கு சரி. ராமநாதபுரத்திலும் ஒரு கடலாடி இருக்கிறது, வட்டத் தலைநகரம், அதனால் தேடும்போது முதலில் அதுதான் வரும், மற்றவர்கள் குழம்ப வேண்டாம். ஜில்லா கட்டம்தான் சாவி.

டீச்சர் கேட்டதற்கு நான் வெளிப்படையாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு அந்தக் குடும்பம் இங்கே வந்து இறங்கினால் அதைச் சந்திக்கத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் பல கிராமங்களுக்கு இரண்டு பகுதி, ஊர் ஒன்று, காலனி ஒன்று. வெளிநாட்டுக்காரர்கள் வந்து "எங்க தாத்தா இந்த ஊர்" என்று டீக்கடையில் கேட்டால், அடுத்த கேள்வி எந்தத் தெரு என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் தாத்தா கப்பல் ஏறினதே இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கவும் இருக்கலாம். பஞ்சம், கடன் மட்டும் காரணம் இல்லை. பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். இந்தக் கட்டம் ஆட்களைத் தரம் பிரிக்க எழுதியது, நம் வீட்டில் அதற்கு இடம் இல்லை என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் தனியாக வர வேண்டாம், எனக்கு இங்கே தனிச்செய்தி அனுப்பினால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

வைகைக்கரை:

தம்பி சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன். தாலுகா ஆபீஸில் இருந்தவரைக்கும் இந்த இரண்டு தெருக் கணக்கைத் தினமும் பார்த்தவள். நான் அந்தக் கண்ணாடிச் சட்டங்களில் இருப்பதைப் படித்துச் சொல்லும்போது சாதிக் கட்டத்தை நானாக வாசிப்பதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்வேன். ஒரு வீட்டில் கேட்டார்கள், சொன்னேன், இளம்பிள்ளை ஒருத்தன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இங்கே எங்களை இந்தியர் வரிசை என்று தனியாக நிற்க வைத்தார்கள், அங்கேயும் ஒரு வரிசை இருந்ததா என்று கேட்டான். இருந்தது, இருக்கிறது என்றேன். பொய் சொல்லி அனுப்பினால் ஊரில் வந்து அவன் அடிபடுவான்.

நெற்குன்றம் ஐயாவுக்கு. மொழி முக்கியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கேட்கிற விதத்தைச் சொல்கிறேன். எழுபது வயதுப் பெரியவரிடம் போய் ஏன் தமிழ் தெரியவில்லை என்று கேட்டால் அவர் என்ன செய்ய முடியும், தலை குனிவார். உங்கள் ஊர் எது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றால் உள்ளே போய் அலமாரியைத் திறக்கிறார், பழைய சான்றிதழ், ரேஷன் சீட்டு, பாட்டியின் தோடு எல்லாம் வெளியே வருகிறது, கூடவே அவருக்கே மறந்துபோன தமிழும் வருகிறது. "சோத்துக்கு என்ன தொட்டுக்க?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார், கேட்டுவிட்டு அவரே திகைத்துப்போனார், அம்மா செத்த பிறகு அந்த வார்த்தை வாயில் வந்ததே இல்லையாம்.

மொக்கா வாசி:

மொரீஷியசிலிருந்து. இங்கே எங்களுக்குக் கொஞ்சம் வசதி. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் ஆவணங்கள் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படமும் உண்டு. 1834இலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வந்து இறங்கிய தீவு இது, அவர்கள் ஏறின படிக்கட்டு போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் என்னும் இறங்குதுறையில் இன்றும் இருக்கிறது. நான் என் முப்பாட்டியின் படத்தை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். மூக்குத்தி தெரிகிறது, பயந்த கண் தெரிகிறது. ஊர்ப்பெயர் மட்டும் எங்களுக்கும் இதே குழப்பம்தான். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, பள்ளியில் தமிழ் இருக்கிறது, அதனால் தமிழ் படித்த எனக்கே ஜில்லா எப்படிப் பிரிந்தது என்று தெரியாது. அக்கா, அந்தப் பழைய ஜில்லாக்கள் இன்றைக்கு எவை என்று ஒரு முறை எழுதிப் போட்டால் எங்களுக்கும் உதவும்.

பர்மா பேரன்:

இதைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது, மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மேஸ்திரி கூட்டிக்கொண்டு போனவர்கள், இது போலக் குடும்பத்துக்கு ஒரு வரி எங்களிடம் இல்லை. அப்பாவைப் பெற்ற தாத்தா 1942இல் குண்டு விழுந்தபோது ரங்கூனிலிருந்து நடந்தே மணிப்பூர் வழியாக வந்தவர். அம்மா வீடு 1960களில் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலில் வந்தது. எனக்கு ஊர் தெரியும், புதுக்கோட்டைப் பக்கம். ஆனால் அங்கே, பர்மாவில், பெகு பக்கத்தில் அவர்கள் இருந்த ஊர் எது என்று தெரியவில்லை. எனக்குத் தேடல் தலைகீழ். பாட்டி சொன்ன பெயரை நான் எழுதி வைத்திருக்கிறேன், அது பர்மிய வரைபடத்தில் எதோடும் ஒட்டவில்லை. அங்கே இன்னும் இருக்கும் தமிழர்கள் யாராவது இந்த இழையைப் பார்த்தால் பதில் போடுங்கள். கோயில்களில் உபயக்காரர் பெயர் வெட்டின பளிங்குக் கல் இருந்தால் அதைப் படம் எடுத்துப் போட்டால்கூடப் போதும்.

நெற்குன்றம்:

டீச்சர், உங்கள் பதிலைப் படித்தேன். கேட்டோ மேனர் விஷயம் எனக்குத் தெரியாது. வகுப்புக்குப் பாடப் புத்தகம், எழுத்துப் பயிற்சி நோட்டு ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், வைகைக்கரை அக்காவின் மகளிடம் கொடுத்து அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். மொழிதான் முதல் என்ற என் கருத்து மாறவில்லை.

சாட்ஸ்வொர்த் டீச்சர்:

நன்றி ஐயா. பெரிய எழுத்து நோட்டு வேண்டும். பெரியவர்களும் வர ஆரம்பித்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சின்ன எழுத்து தெரியவில்லை.

வைகைக்கரை:

மொக்கா தம்பி கேட்டது. வட ஆற்காடு என்று இருந்தால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கிலும் பாருங்கள். 1911இல் சித்தூர் தனி ஜில்லா ஆனது, அதனால் அதற்கு முன்னால் வந்தவர்களுக்கு இன்றைய ஆந்திரப் பக்கமும் சேர்த்துப் பார்க்க வேண்டும், தெலுங்குப் பெயர் உள்ள குடும்பங்கள் இதை விட்டுவிடாதீர்கள். தென் ஆற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. செங்கல்பட்டு என்றால் காஞ்சிபுரம், திருவள்ளூரும் சேர்த்தி. சேலம் என்றால் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி வரை போகும். முதலில் ஜில்லா, அப்புறம் தாணா, கடைசியில்தான் ஊர். ஊர்ப்பெயரிலிருந்து ஆரம்பித்தால் கடலூர்க் கதைதான்.

பதிவேட்டில் ஊரைக் கண்டுபிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாரும் வாக்குக் கொடுக்காதீர்கள். போனவர்களில் நிலம் இல்லாதவர்கள்தான் அதிகம், சிட்டா, பட்டாவில் அவர்கள் பெயர் இருக்காது. குலதெய்வம் தெரிந்தால் அது நல்ல தடயம். இங்கே நான் பார்த்த வீடுகளில் கங்கையம்மன், முனீஸ்வரன், மதுரை வீரன் என்று ஏதாவது ஒன்றை வருஷா வருஷம் கும்பிடுகிறார்கள். எந்த மாதம், என்ன படையல், பலி உண்டா இல்லையா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பர்மா பேரன் தம்பி, பாட்டி சொன்ன பெயரைத் தமிழில் எப்படிச் சொன்னாரோ அப்படியே இங்கே போடுங்கள். பெகுப் பக்கத்து ஆட்கள் யாராவது அந்த உச்சரிப்பைக் கேட்டிருக்கலாம்.

ஜோபர்க்காரன்:

கோவிந்தரிடம் கேட்டேன். அவர் அன்றைக்குச் சாயங்காலமே அம்மா வீட்டுக்குப் போய் ஒரு பழைய கல்யாணச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினார். எண் இருந்தது. கப்பல் பட்டியலில் தேடினோம், ஆள் கிடைத்துவிட்டார், கூடவே மனைவியும் ஒரு கைக்குழந்தையும். ஜில்லா செங்கல்பட்டு, தாணா மதுராந்தகம். ஊர்க் கட்டத்தில் 'அட்சரபாக்' என்று வாசிக்கும்படி இருக்கிறது, கடைசி எழுத்து மடிப்பில் போய்விட்டது. அவர் காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்.

வைகைக்கரை:

அச்சிறுபாக்கமாக இருக்கலாம், மதுராந்தகத்துக்குத் தெற்கே. அந்த வட்டத்தில் பாக்கம் என்று முடியும் ஊர் நிறைய, அதனால் இதுதான் என்று இப்போதே சொல்லிவிடாதீர்கள். அசல் பக்கத்தின் படம் கேட்டு வாங்குங்கள், மனைவியின் வரியில் ஊர் தனியாக எழுதியிருக்கும், அது மடிப்பில் போகாமல் இருந்தால் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம். நான் செவ்வாய்க்கிழமை வரை டர்பனில் இருக்கிறேன். மதுராந்தகம் பக்கத்து ஆட்கள் யார் யார் இந்த இழையில் இருக்கிறீர்கள்?